காது கொண்டு கேட்க முடியாத வார்த்தை

“மேற்படி நபர் நான் குடியிருக்கும் வீட்டின் வாசலில் வைத்து, பலர் பார்க்க, காது கொண்டு கேட்க முடியாத அசிங்கமான வார்த்தைகளால் என்னைத் திட்டி, உன்னை உயிரோடு விடமாட்டேன் என்று மிரட்டினார்.”

போலீஸ் புகாரில் இருப்பதை அப்படியே சொல்கிறேன், ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. மேற்படி நபர் யார் தெரியுமா? அதோ தூண் பக்கத்தில் நிற்கிறாரே, வெளிர்நீலச் சட்டை, கையில் தண்ணீர் பாட்டில். என் வீட்டுக்காரர். சதானந்தம் என்று பெயர். இவர்தான் மிரட்டினாராம். அவருக்குச் சத்தமாகத் தும்மக்கூட வராதுங்க.

இப்போது கோர்ட் மரத்தடியில் அதைத்தான் கேட்டேன். நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? நான் கத்தினேனா? ‘ஏம்மா டீச்சர், இவரா உன்னைத் திட்டினார், என் முகத்தைப் பார்த்துச் சொல்லு’ என்று கேட்டேன். அவ்வளவுதான். அதற்குள் எங்கள் வக்கீல் ஷமீமா, சின்னப் பெண்தான், கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து என்னைக் கையோடு இழுத்துவந்து இந்த பெஞ்சில் போட்டுவிட்டுப் போகிறது. ‘அம்மா, அவங்க சாட்சி. சாட்சிகிட்ட இப்படிப் பேசினா இன்னொரு செக்‌ஷன் ஏறிடும். அசையாம இங்கேயே உக்காருங்க.’ எனக்கு ஐம்பத்தாறு வயது. பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்தாதது ஒன்றுதான் பாக்கி.

போர்டில் எங்கள் கேஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொன்னதற்கு நன்றி. கண்ணாடியை ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன். வருகிற வழியெல்லாம் இவரிடம் பேசிப் பேசி எனக்கு மூளையே இல்லை. உங்கள் கேஸ் என்ன? சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் திருட்டுக் கேஸ் மாதிரி இல்லை.

எல்லாம் செருப்பால் வந்தது. யாரும் யாரையும் செருப்பால் அடிக்கவில்லை, பயப்படாதீர்கள். நாங்கள் கீழ் வீடு. மாடிப்படி எங்கள் வாசலை ஒட்டித்தான் ஏறுகிறது. மேலே குடி வந்தவள் இந்தத் தேன்மொழி. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். வந்த நாளிலிருந்து எங்கள் வாசலில் செருப்பு. ரப்பர் செருப்பு, வார் அறுந்த செருப்பு, ஊக்குப் போட்ட செருப்பு, மழை பெய்தால் சேற்றோடு செருப்பு. கோலத்தின் மேல் செருப்பு. நல்ல மாதிரியாகத்தான் சொன்னேன். மேலே கொண்டுபோய் விடச் சொல்லு என்றேன். ‘மேல படியேறின உடனே சாமி அலமாரி மேடம்’ என்றாள். உன் சாமி வாசலில் செருப்பு கூடாது, என் வாசலில் கிடக்கலாமா? கேட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதற்கு ஒரு செக்‌ஷன் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்னி நட்சத்திரம். பால் வாங்கக் கதவைத் திறக்கிறேன், காலை வைக்க இடமில்லை. உள்ளே போய் ஒரு அரிசிச் சாக்கை எடுத்து வந்து அத்தனையையும் அள்ளிப் போட்டேன். இவரைக் கூப்பிட்டேன். ‘இதைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டிகிட்ட வைங்க’ என்றேன். ‘வேணாம் வசு, பசங்க செருப்பு’ என்றார். சாக்கின் வாயைக் கட்டி அவர் கையில் கொடுத்தேன். பார்த்தேன். தூக்கிக்கொண்டு போனார்.

சும்மா பக்கத்தில் வைக்கத்தான். வந்து தேடட்டும், புத்தி வரட்டும் என்றுதான். அன்றைக்கென்று பார்த்து மாநகராட்சி வண்டி நேரத்தோடு வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. வாரம் முழுக்க நாம் காத்துக் கிடந்தாலும் வராத வண்டி.

பிள்ளைகள் வெறுங்காலோடு போயின. தார் ரோடு. ஒரு பெண்குழந்தைக்குக் காலில் கொப்புளம் என்று தேன்மொழி பிறகு ஊரெல்லாம் சொன்னாள். கொப்புளம் ஆறாதா? எங்கள் கான்வென்ட்டில் முழங்கால் போட வைப்பார்கள், மணலில். நாங்கள் யார்மேல் கேஸ் போட்டோம்?

அவள் இறங்கி வந்தாள். வாசலில் நின்று, ‘நீங்கல்லாம் படிச்சவங்களா?’ என்றாள். என்னைப் பார்த்து. நான் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று அவளுக்குத் தெரியுமா? ஐரிஷ் மதர் சுப்பீரியர் வைத்திருந்த பள்ளிக்கூடம். காம்பவுண்டுக்குள் தமிழில் பேசினால் கழுத்தில் ஒரு பலகையை மாட்டிவிடுவார்கள். அடுத்த ஆள் தமிழில் பேசி மாட்டுகிற வரைக்கும் அதோடு திரிய வேண்டும். அதனால் எனக்குக் கோபம் ஆங்கிலத்தில்தான் வரும். அது சுபாவம், என்ன செய்ய?

ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு ஆங்கில வார்த்தை. அது வசவே கிடையாது. அகராதியை எடுத்துப் பாருங்கள். பெண் நாய் என்றுதான் போட்டிருக்கும். ஒரு பிராணியின் பெயர். அப்புறம் ‘உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன் பார்’ என்றேன். இதை நான் கேஸ் சிலிண்டர் போடுகிற ஆளிடமும் சொல்கிறேன். ரேடியோவிடம் சொல்லியிருக்கிறேன். இதுதான் அவர்கள் காகிதத்தில் ‘உயிரோடு விடமாட்டேன்’ ஆகியிருக்கிறது. அந்தப் பிராணியின் பெயரோ, நான் வாயால் சொல்ல மாட்டேன், தமிழில் ஒரு வார்த்தையாக ஆகியிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. எழுத்துக் கூட்டிக்கூடச் சொன்னதில்லை. கேஸ் போட்டதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்த வார்த்தையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் போட்டார்கள் பாருங்கள், அதுதான்.

அவர் என்ன செய்தார் என்கிறீர்களா? நடுவில் வந்து நின்றார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ‘விடு வசு, போதும், உள்ள வா’ என்றார். அவர் அன்றைக்குப் பேசியது மொத்தமே அதுதான்.

எதிர் வீட்டில் கேமரா இருக்கிறது. படம் வரும், சத்தம் வராது. ஸ்டேஷனில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார். அப்புறம் இவர் டீச்சர் எதிரே நின்று கையை வீசுகிறார், வாய் ஆவென்று திறக்கிறது. நான் படியில் நின்றேனா, போர்ட்டிகோ தூண் என்னை மறைத்துவிட்டது. ஆக, படத்தில் இருப்பது ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை, திறந்த வாய். பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

தேன்மொழி முதலில் ‘கீழ் வீட்டுக்காரங்க’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். புகார் எழுதிக் கொடுத்த ஆள் ஒருவன், ‘பொம்பளையைப் பொம்பளை திட்டினா அது குழாயடிச் சண்டை, ஆம்பளை பேரைப் போட்டாத்தான் கேஸ் நிக்கும்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டான். இதை அவளே பிற்பாடு ஷமீமாவிடம் சொன்னாள். சொல்லும்போது அழுதாளாம். அழுதால்?

சரி, எவனோ எழுதினான். இவர் ஸ்டேஷனுக்குப் போனாரே, அங்கே என்ன செய்தார் தெரியுமா? போன் வந்தபோது நானும் வருகிறேன் என்று புடவை மாற்றினேன். ‘நீ இரு வசு, வெயிலா இருக்கு, நான் போய்ட்டு வந்துடறேன்’ என்றார். தனியாகப் போனார். போய், எல்லாவற்றுக்கும் ஆமா என்றிருக்கிறார். செருப்பு மூட்டையை நீங்கள் தூக்கினீர்களா? ஆமா. வாசலில் தகராறு நடந்ததா? ஆமா. அசிங்கமாகப் பேசினீர்களா? ஆமா. கொஞ்சம் யோசித்தாவது சொல்லக் கூடாதா? வீட்டுக்கு வந்து மோர் கேட்டார். ‘என்னங்க கேட்டாங்க’ என்றேன். ‘ஒண்ணும் இல்ல, முடிஞ்சுது’ என்றார். என்னைப் பற்றி ஏதாவது கேட்டார்களா என்றேன். ‘உன்னைப் பத்திப் பேச்சே வரலை’ என்றார். அது ஒன்றுதான் உருப்படியாக நடந்தது.

அவர் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் ‘இல்லை’ என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா, ஆமா. இந்த வண்ணம் அடிக்கலாமா, ஆமா. மகளை பெங்களூரில் கொடுக்கலாமா, ஆமா. எனக்கு ஒரு விதத்தில் வசதிதான், பொய் சொல்வானேன். ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் போயா அதைச் சொல்வது?

ஷமீமா சின்னப் பெண் என்றாலும் விஷயம் தெரிந்தது. என்னை உட்கார வைத்து ஒவ்வொரு செக்‌ஷனாகச் சொல்லிக் கொடுத்தது. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியது என்று ஒன்று. முன்பு வேறு நம்பராம், இப்போது வேறு நம்பராம். ‘நம்பர்தான் மாறியிருக்கும்மா, வசவெல்லாம் பழசுதான்’ என்று சிரித்தது. அதை நிரூபிக்க வேண்டுமென்றால் என்ன வார்த்தை என்று அப்படியே சொல்ல வேண்டுமாம். வெறும் திட்டு போதாது, நிஜமாகவே ஆபாசமாக இருக்க வேண்டும், கேட்ட மற்றவர்களுக்கும் அது தொந்தரவாக இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, மிரட்டல். கொன்னுடுவேன் என்று சொன்னால் மட்டும் போதாது, கேட்டவர் நிஜமாகவே நடுங்கியிருக்க வேண்டும். ‘கொன்னுடுவேன்னு சொல்லாம எங்கம்மா எனக்குச் சோறு ஊட்டினதில்லை’ என்றது. இந்த இரண்டையும் உடைத்துவிடலாமாம். மூன்றாவதுதான் கனம். நம் மாநிலத்துச் சட்டம், பெண்களைத் துன்புறுத்துகிறவர்களுக்காகப் போட்டது. பஸ்ஸில் இடிக்கிற பொறுக்கிகளுக்காகப் போட்ட சட்டத்தை என் வீட்டுக்காரர் மேல் போட்டிருக்கிறார்கள். சாமி படத்துக்குப் பூ வைக்கும்போதுகூட அம்மன் படத்துக்குத் தள்ளி நின்று வைக்கிற மனுஷர்.

இந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட். அரசாங்க ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று வேண்டாம், கேஸ் முடிகிற வரை முழு பென்ஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தண்டனை என்று ஆகிவிட்டால் கொடுக்கிற கொஞ்சமும் போகலாம், வேலையில் இருந்து நீக்கியதாகவே எழுதலாம். அத்தனை வருஷம் வேலை பார்த்துவிட்டு, மாலை போட்டு வண்டியில் கொண்டுவந்து விட வேண்டிய ஆளை, டிஸ்மிஸ் என்று. அதுவும் இந்தச் சட்டத்தில். மகள் மாமியார் வீட்டில் என்ன சொல்வாள்? அப்பா பெண்களிடம் தப்பாக நடந்துகொண்டார் என்றா?

ஸ்டேஷனில் ஒரு ஏட்டு இவரிடம் சொல்லியிருக்கிறார், ‘ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடுங்க சார், ஒரே நாள்ல முடிஞ்சிடும், எதுக்கு அலையறீங்க’ என்று. நல்ல மனுஷர்தானாம். இவருக்கு அது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஷமீமா தலையில் அடித்துக்கொண்டது. ‘சார், ஃபைன் கட்டினாலும் அது தண்டனைதான். நீங்க குற்றவாளின்னு எழுதிடுவாங்க. குடிச்சிட்டு ரோட்ல விழுந்தவன் கட்டற ஃபைன் இல்லை இது.’ அப்போதும் ஆமா என்றார்.

இன்றைக்குத்தான் அந்தக் கேள்வி. உள்ளே கூப்பிட்டு, குற்றச்சாட்டைப் படித்து, ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்பார். ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். இல்லை. அதற்கு ஷமீமா நேற்று ஒத்திகை வைத்தது. இது நீதிபதி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ‘குற்றத்தை ஒத்துக்கறீங்களா?’ என்றது. இவர் உடனே என்னைப் பார்த்தார். ‘அம்மாவைப் பாக்காதீங்க சார், என்னைப் பாருங்க. திரும்பக் கேக்கறேன்.’ திரும்பவும் என்னைப் பார்த்தார். அப்புறம் என்னை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டது. அங்கிருந்து காதை வைத்துக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்து ஷமீமா என்னிடம் சொன்னது, ‘இல்லைன்னு சொன்னா, அப்ப யாருன்னு அடுத்த கேள்வி வரும்னு அவருக்குத் தெரியும்மா. அதான் அந்த வார்த்தை வர மாட்டேங்குது.’ என்ன சொல்கிறாள் என்றே எனக்கு விளங்கவில்லை. யாரும் சொல்லாத வார்த்தைக்கு யார் என்று எப்படிக் கேள்வி வரும்?

ஷமீமாவுக்கு இன்னொரு யோசனை வேறு. தேன்மொழி சமாதானத்துக்கு வருகிறாளாம். காலையில் இங்கேயே சொல்லி அனுப்பினாள். ‘எனக்கு சார் மேல கோபமே இல்லை. மேடம் எங்கிட்ட மட்டும் வந்து, நான்தான் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாதுன்னு சொன்னாப் போதும். பிள்ளைங்க முன்னாடிகூட வேண்டாம்.’ அப்படிச் சொல்லிவிட்டால் இன்றைக்கு வாய்தா வாங்கிவிடலாமாம், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மதுரை ஹைகோர்ட்டில் கேஸையே ரத்து பண்ணிவிடலாமாம். அதற்குத்தான் மரத்தடிக்குப் போகச் சொன்னது என்னை. போனேனே! போய் நியாயத்தைக் கேட்டேன். அதற்குள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

நீங்களே சொல்லுங்கள். சொல்லாததைச் சொன்னேன் என்று நான் எப்படிச் சொல்வது? அந்தக் காகிதத்தில் இருக்கிற வார்த்தையை நான் சொன்னேனா? அந்தச் சிறுக்கிக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்றால் அதற்கு நான் மன்னிப்புக் கேட்பதா? இவளெல்லாம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறாள். இரண்டு அறை விட்டிருக்க வேண்டும் அன்றைக்கே, இந்தக் கேஸாவது நியாயமாக இருந்திருக்கும். என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? பேச்சுக்குச் சொல்கிறேன்.

எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இந்த பெஞ்ச், இந்த வாசனை, டைப் அடிக்கிற சத்தம். இவர் வருவார், நிற்பார், போவார். ஒரு நாள் கூட என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் ஒன்று சொல்லியிருப்பேன், அவர் ஒன்று சொல்லியிருப்பார், முடிந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொள்கிறார். செருப்பை வாசலில் விடுவதில்லை, கையில் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறார். நான் கேட்டேனா அப்படிச் செய்யச் சொல்லி?

இன்றைக்கு ஆட்டோவில் மட்டும் பேசினார். பாலம் ஏறும்போது. ‘ஒத்துக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சிடும்ல வசு? உன்னைக் கூண்டுல ஏத்த மாட்டாங்கல்ல?’ என்றார். என்னை எதற்குக் கூண்டில் ஏற்றுகிறார்கள்? நான் பிடித்துக்கொண்டேன். பென்ஷன், மகள், மானம், அத்தனையும் சொன்னேன். வாயைத் திறந்து இல்லை என்று சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தை போதும் என்றேன். சொல்வீர்களா என்றேன்.

ஆமா என்றார்.

இருங்கள், கூப்பிடுகிறார்கள். இந்த ஆள் ஏன் இப்படி ராகம் போடுகிறான்? ‘சதானந்தம்… சதானந்தம்… சதானந்தம்…’ மூன்று தடவை கூப்பிட வேண்டுமாம். ஒரு தடவை கூப்பிட்டாலே வருகிற மனுஷர்.

போகிறார் பாருங்கள். தண்ணீர் பாட்டிலோடு போகிறார். ‘ஏங்க, பாட்டிலைக் குடுத்துட்டுப் போங்க. ஏங்க, இல்லைன்னு சொல்லுங்க. கேக்குதா? இல்லைன்னு.’ திரும்பவே மாட்டேன் என்கிறார். ஷமீமா பாக்காதீங்க என்று சொன்னதை இப்போதுதான் கேட்க வேண்டுமா? நான் உள்ளே வரவில்லைங்க போலீஸ் சார், நான் ஒரு ஓரமாக நிற்கக் கூடாதா? சரி, சரி, தள்ளாதீர்கள், உட்காருகிறேன். போலீஸ்காரனைப் பாருங்கள், என்னைப் போய்.

கதவைச் சாத்திவிட்டான். மின்விசிறிச் சத்தத்தில் ஒரு எழவும் கேட்கவில்லை.

உங்களுக்குத்தானே ஜன்னல் பக்கம். எனக்குக் கண்ணாடி இல்லை, எல்லாம் மங்கலாக இருக்கிறது. நீல நிறமாக ஒன்று கூண்டுக்குள் ஏறுகிறது, அவர்தானே? இப்போது ஜட்ஜ் அம்மா படிக்கிறார்களா? படித்து முடித்துவிட்டார்களா? அவர் வாயைப் பாருங்கள். வேறெதையும் பார்க்காதீர்கள், வாயை மட்டும் பாருங்கள். ‘இ’ என்று பல் தெரிகிற மாதிரி போகிறதா, இல்லை ‘ஆ’ என்று திறக்கிறதா? உங்களைத்தான் கேட்கிறேன். எழுந்து நின்று பார்த்தால் தெரியும். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்.